பாளையங்கோட்டையில் ஆண்கள் பள்ளி: பையன்களின் நடப்பை எப்படி எடைபோடுவது?

கேள்வி: ஆற்றங்கரையான்

என் மகன் இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறான். இதுவரை இருபாலரும் படிக்கும் ஒரு சிறிய பள்ளியில், வகுப்புக்கு 28 பேர் என்ற அளவில் படித்து வந்தவனை, வருகிற ஜூனில் பாளையங்கோட்டையில் உள்ள ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அது நூறாண்டைக் கடந்த, அரசு உதவி பெறும் தனியார் பள்ளி. தேர்ச்சி விகிதம், மைதானம், ஆய்வகம் எதிலும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்குள்ள பையன்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து அறிய எனக்கு வழி தெரியவில்லை. விண்ணப்பம் வாங்கப் போன அன்று, அறுபது பேர் உட்கார்ந்திருந்த வகுப்பு ஒன்றைக் கடந்து சென்றோம். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. என் மனைவிக்கு அது பிடித்துப்போயிற்று, எனக்கோ அதுவே உறுத்தலாக இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவன் ஒருவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, இந்த மாவட்டத்தில் பள்ளி தேடுகிறவர்கள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட முடியாது என்று நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

அண்ணாச்சி, உங்களுக்கு உறுத்தியது சரியானதுதான். இதே போன்ற உதவி பெறும் பள்ளியில் 31 ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆசிரியர் உள்ளே இருக்கும்போது நிலவும் அமைதியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பின் கரும்பலகையைப் பாருங்கள். மூலையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு வகுப்புத் தலைவன் எழுதிய பட்டியல் இருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் மூன்று, நான்கு என்று கூடிக்கொண்டே போயிருக்கும். அடுத்து வரும் ஆசிரியர் அந்தப் பட்டியலை அழித்துவிட்டுப் பாடம் நடத்துகிறாரா, அல்லது ஒரு வார்த்தை விசாரிக்காமல் அதில் உள்ளவர்களை எழுப்பி நிறுத்துகிறாரா என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பிரம்பைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடைசெய்துவிட்டது. ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் கையில் சுண்ணாம்புக்கட்டியைக் கொடுத்து அவனுக்குப் பிடிக்காதவன் பெயரை எழுத வைக்கும் வழக்கத்தை எந்தச் சட்டமும் தொடவில்லை. நானும் பல ஆண்டுகள் அந்தப் பட்டியலை நம்பித் தண்டித்திருக்கிறேன்.

அடுத்ததாகப் பிரிவுகளைப் பாருங்கள். இங்குள்ள பழைய பள்ளிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன: அரசு சம்பளத்தில் இயங்கும் தமிழ்வழிப் பிரிவு ஒன்று, கட்டணம் வாங்கி நடத்தும் ஆங்கிலவழிச் சுயநிதிப் பிரிவு மற்றொன்று. இரு பிரிவுப் பையன்களும் ஒரே கால்பந்து அணியில் ஆடுகிறார்களா, என்.சி.சி.யில் ஒன்றாக நிற்கிறார்களா, மதியம் ஒரே மரத்தடியில் சாப்பிடுகிறார்களா என்று விசாரியுங்கள். மதிப்பெண் வரிசைப்படி 'ஏ' முதல் 'எஃப்' வரை பிரித்து உட்கார வைக்கும் பள்ளியாக இருந்தால், உங்களுக்குச் சுற்றிக்காட்டப்படுவது 'ஏ' பிரிவாகத்தான் இருக்கும். கடைசிப் பிரிவின் வாசலில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அந்தப் பிரிவின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

கயிறு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். அது தன் கவனத்துக்கு வராமல் போனது என்று அப்போதைய அமைச்சரே சொல்லிவிட்டார். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையும் கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் ஆகியவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. ஆனால் பையன்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். வாசலில் அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் போடுவது மாலை நான்கேகாலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் மறுபடி மணிக்கட்டுக்கு வந்துவிடும். ஆகையால் பள்ளியைப் பார்க்க வேண்டிய இடம் பேருந்து நிறுத்தம்.

பதில்: 2004 பிளஸ் 2

ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் ஆண்கள் பள்ளியில் ஏழு ஆண்டு படித்தவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டப்பெயர் இல்லாத ஆண்கள் பள்ளி கிடையாது; எனக்கு மூன்று இருந்தன. என் அப்பா இறந்த அன்று எங்கள் வகுப்பில் பாதிப் பேர் சைக்கிளிலேயே பதினான்கு கிலோமீட்டர் மிதித்து எங்கள் ஊருக்கு வந்து, இரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் இன்றும் என்னைப் பட்டப்பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். கேலி நடப்பதாகக் கேள்விப்பட்டவுடன் அந்தப் பள்ளியே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இதை எழுதிவிட்டு அழித்துவிடலாமா என்று யோசித்தேன், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பில் குரல் மெலிந்த பையன் ஒருவன் இருந்தான். ஆண்டுவிழா நாடகத்தில் பெண் வேடம் என்றால் ஆசிரியரே அவனைத்தான் கூப்பிடுவார். நாடகம் முடிந்த பிறகும் அந்த வேடத்தின் பெயர் அவனை விடவில்லை. பெண்கள் இல்லாத பள்ளியில் பையன்களில் ஒருவனைப் பெண்ணாக்கி வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஆண்களாகிவிடுகிறார்கள் என்பது எனக்கு முப்பது வயதில்தான் புரிந்தது. பத்தாம் வகுப்போடு அவன் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவனை அந்தப் பெயரால் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். எனக்கு இருந்த மூன்று பெயர்களுக்கும் நான் பதிலுக்குப் பெயர் வைத்துப் பழிதீர்த்துக்கொண்டேன், அவனால் அது முடியவில்லை. அதனால் கேலி இருக்கிறதா என்று கேட்பதைவிட, எல்லாக் கேலியும் ஒரே பையன் மேல் போய் விழுகிறதா என்று கேளுங்கள். புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியை ஒருவர் பதினொன்றாம் வகுப்புக்குள் நுழைகையில் பின்வரிசையிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

பதில்: இரண்டு பையன்களின் அம்மா

பேருந்து நிறுத்தத்தில் நின்று கயிற்றின் நிறத்தை எண்ணுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, சார். கோயில் கயிறும் சிவப்புதான். மணிக்கட்டைப் பார்த்தே எதிரே வருகிறவன் யார் என்று நாமே கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். என் அனுபவம் வேறு மாதிரியானது.

பெரியவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்த புதிதில், காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வந்தது. ஒரு மாதம் திட்டினேன். பிறகு சிறுநீர்த் தொற்று வந்து மருத்துவர் துருவிக் கேட்டபோதுதான் சொன்னான்: கழிப்பறையில் பெரிய பையன்கள் புகை பிடித்துக்கொண்டு நிற்பார்களாம், உள்ளே போனால் காவலுக்கு நிற்கச் சொல்வார்களாம், அதனால் போகவே கூடாது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டான். வகுப்பாசிரியரிடம் சொன்னபோது, "ஆம்பளப் பசங்க அப்படித்தாம்மா இருப்பாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அதே பள்ளிக்கு அடுத்த ஆண்டு வேறு தலைமை ஆசிரியர் வந்தார். அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: இடைவேளைகளில் கழிப்பறைக்கு எதிரே நாற்காலி போட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். மூன்று வாரத்தில் பாட்டில் காலியாக வரத் தொடங்கியது. பையன்கள் அதே பையன்கள்தான். இதனால்தான் 'அந்தப் பள்ளிப் பையன்கள் அப்படி' என்று யாராவது சொன்னால், 'அங்கே இப்போது தலைமை ஆசிரியர் யார்?' என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு ஒன்றைப் பள்ளிதோறும் அமைக்க வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சொல்லியிருக்கிறது. பெற்றோரும் அதில் உறுப்பினர்கள். உங்கள் பள்ளியில் அந்தக் குழுவில் இருக்கும் பெற்றோர் யார், அவர்கள் கடைசியாக எப்போது கூடினார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். உடனே ஒரு பெயரைச் சொன்னால் நல்லது; ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். மாணவர்களிடம் விசாரிப்பதாக இருந்தால் பிளஸ் 2 பையன்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்குப் பள்ளி ஏற்கெனவே நினைவாகிவிட்டது. ஆறாம் வகுப்புப் பையனிடம் 'மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய்?' என்று மட்டும் கேளுங்கள், மீதியை அவனே சொல்லிவிடுவான்.

மறுமொழி: ஆற்றங்கரையான்

மூவருக்கும் நன்றி. திங்களும் செவ்வாயும் மாலையில் நிறுத்தத்தில் போய் நின்றேன். கயிறுகள் இருந்தன, ஆனால் அம்மா சொன்னபடி எனக்கு எதுவும் விளங்கவில்லை. முதல் நாள் கூட்டமான பேருந்தில் ஏற முடியாமல் திணறிய ஒரு சிறுவனின் புத்தகப்பையை மேல்வகுப்புப் பையன் ஒருவன் வாங்கி ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தான். அதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் நாள் அதே சிறுவன் பை இல்லாத தோளோடு நின்று, இருக்கைகளில் உட்கார்ந்திருந்த பெரிய பையன்களிடம் 'அண்ணே, என் பை' என்று பேருந்து புறப்படும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் விளையாடினார்களா, வேண்டுமென்றே செய்தார்களா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நடத்துனர்தான் கடைசியில் வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். குழுவைப் பற்றியும் கழிப்பறையைப் பற்றியும் கேட்பேன். பைக் கதையையும் சொல்லப் போகிறேன். இந்த முறை மகனையும் அழைத்துப் போகிறேன். மதிய இடைவேளையில் அவனை மட்டும் மைதானத்தில் அரை மணி நேரம் விட்டுவைக்க அனுமதிப்பார்களா என்று பார்க்கலாம்.