கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்க் குழு

காலை 6:12
நீர்ப்பாய்ச்சி மாமா: கண்மாய் உள்வாய், அதான் தண்ணி நிக்கிற இடம், நல்லா காஞ்சு கெடக்கு. கருவ மரத்துல உச்சி காஞ்சதையெல்லாம் பார்த்துட்டு வந்தேன். பறவை கூடு கட்ட புதுசா கன்னு வைக்கணும்ல, அதுக்கு மண்மேடு போட இதுதான் பருவம். இன்னும் ரெண்டு கோடை மழை விழுந்துட்டா வண்டி இறங்காது.

6:20
கோயம்புத்தூர் மாப்ளே: ஆயிரம் கன்னு வாங்கித் தர்றேன் மாமா. சீமக்கருவயெல்லாம் ஜேசிபி விட்டு ஒரே நாள்ல எடுத்துருவோம்.

6:24
நாற்றங்கால் அக்கா: ஆயிரம் வேணாம் தம்பி, 60 போதும். நாட்டுக்கருவ மட்டும். கொன்றை, பூவரசுன்னு அள்ளிட்டு வந்துராத. மாசக்கணக்கா கால்ல தண்ணி நின்னாலும் தாங்கி, கூட்டுக்கு முள்ளுக்கிளையும் குடுக்குறது நாட்டுக்கருவதான்.

6:31
டீச்சர் அத்தை: ஜேசிபி பேச்சே வேணாம். 1977-லருந்து இது பறவைச் சரணாலயம். உள்ள ஒரு கிளைய ஒடிக்கவும் வனத்துறை எழுத்து அனுமதி வேணும். அதோட, கொக்கும் வக்கா நாரையும் சீமக்கருவயிலயும்தான் கூடு கட்டுது. ஒரே நாள்ல வழிச்சு எடுத்தா புரட்டாசியில வர்ற பறவை எங்க உக்காரும்?

6:33
கோயம்புத்தூர் மாப்ளே: அப்ப எப்பத்தான் எடுக்குறது அத்தை?

6:40
நாற்றங்கால் அக்கா: நாட்டுக்கருவ கூடு தாங்குற அளவுக்குத் திரண்டப்புறம், பகுதி பகுதியா. எடுக்கையில தரை மட்டத்துல வெட்டிட்டுப் போனா ஒண்ணுக்குப் பத்தாத் துளுக்கும். மண்ணுக்குள்ள ஒரு அடி தோண்டி, தூரோட முண்டை எடுக்கணும். மொட்டு அங்கதான் இருக்கு.

7:05
நீர்ப்பாய்ச்சி மாமா: மேட்டுக் கணக்கு சொல்றேன். அடி அகலம் 8, தலை அகலம் 3, உயரம் 4 அடி. மழையில அரை அடிக்கு மேல அமுங்கிரும். கலுங்கு மட்டத்துக்கு, அதான் மிச்சத் தண்ணி வழியிற மட்டத்துக்கு, தண்ணி நின்னா எங்க 3 அடிக்குள்ள ஆழம் வருதோ, அங்க மட்டும் போடணும். அதைத் தாண்டி உள்ள போட்டா முதல் வருசமே தலை முங்கி கன்னு அழுகிரும். மேட்டுக்கு மேடு 15 அடி.

7:09
பால்பண்ணை அண்ணே: மண்ணு எங்க எடுக்குறது? கரையை ஒட்டி அள்ளிரலாமா?

7:11
நீர்ப்பாய்ச்சி மாமா: ஆத்தாடி! கரை அடியில பள்ளம் விழுந்தா பெருமழையில கரை உக்காந்துரும். கரைக்கு 30 அடி தள்ளி, உள்வாய்ல பரவலா ஒரு சாண் ஆழம் சுரண்டுனாப் போதும். மேட்டை ஒட்டியும் தோண்டாதீக, அலை அடிச்சு சரிஞ்சிரும். சரிவுல அருகம்புல் பத்தை பதிச்சு விடுங்க.

7:30
நாற்றங்கால் அக்கா: விதைக்கு நெத்து (காஞ்ச காய்) எடுக்குறவுக பார்த்து எடுங்க. பாசிமணி கோத்த மாதிரி இடுக்கு இடுக்கா, சாம்பல் நிறத்துல இருக்கறதுதான் நாட்டுக்கருவ. மஞ்சளா, நீளமா, இடுக்கு தெரியாம இருந்தா சீமக்கருவ. போன தடவை ரெண்டும் கலந்து வந்துருச்சு.
தண்ணியக் கொதிக்க வெச்சு அடுப்புலருந்து இறக்கி, கொதி அடங்குனதும் விதையைப் போட்டு ராத்திரி பூரா விடுங்க. அடுப்புலயே போட்டா வெந்துரும். காலையில உப்புனது மட்டும் பையில, மிச்சத்துக்கு மறுபடி வெந்நீர். பை உயரமா இருக்கட்டும், ஆணிவேர் சீக்கிரம் இறங்கும். வாரம் ஒருக்கா இடம் மாத்தி வைக்கலைன்னா பையைக் கிழிச்சுத் தரைக்குள்ள போயிரும். அப்புறம் பிடுங்குனா வேர் அறும்.

7:42
பால்பண்ணை அண்ணே: வெந்நீர் சோலியே வேணாம். ஆட்டுக்கு நெத்தைப் போட்டுட்டு, கிடையில புழுக்கையக் கூட்டி எடுங்க. ஆட்டு வயித்துல போய் வந்த விதை சுளுவா மொளைக்கும்.

7:44
நாற்றங்கால் அக்கா: சரிதான் அண்ணே, ஆனா உங்க ஆடு சீமக்கருவ நெத்தும் தின்னுருக்கும்ல 😄

7:50
நீர்ப்பாய்ச்சி மாமா: ஆவணிக் கடைசிக்குள்ள கன்னு மேட்டுல ஏறிரணும். பறவை வந்துட்டா உள்ள இறங்கக் கூடாது. ஆட்டுக்கு அடைப்பா சீமக்கருவ முள்ளைச் சுத்தி வைக்கலாம். அதுல இருக்க நெத்தை முழுசா உருவிட்டு வைங்க, இல்லைன்னா வேலியே விதைச்சுட்டுப் போயிரும். பட்டுப்போன பழைய மரத்தை வெட்டாதீக. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் றெக்கை காயவைக்க அதுலதான் உக்காருது.

8:02
கோயம்புத்தூர் மாப்ளே: பழசு ஏன் மாமா பட்டுப்போகுது?

8:06
நீர்ப்பாய்ச்சி மாமா: வருசக்கணக்கா எச்சம் விழுந்து இலை வெந்துபோகுது, காலுல தண்ணியும் நிக்குது. அதே எச்சம் கரைஞ்ச தண்ணி மடை வழியா வயலுக்குப் போனா உரம். மரத்துக்குத்தான் கேடு.

8:15
டீச்சர் அத்தை: மடைன்னதும் ஞாபகம் வருது. தை, மாசியில குஞ்சு கூட்டுல இருக்கும். மரத்தடித் தண்ணி வத்துனா நாயும் காட்டுப்பூனையும் நடந்தே போயிரும். இந்தக் கண்மாய்ப் பாசனக்காரவுக கூடுற ஆயக்கட்டுக் கூட்டத்துல கடைசித் தண்ணியை எம்புட்டு நிறுத்துறதுன்னு இப்பவே பேசி முடிங்க. தீபாவளிக்கு வெடி போடாம இருக்கறது நமக்குப் பழகுன விசயம், தண்ணிதான் வருசா வருசம் சண்டை.

8:21
பால்பண்ணை அண்ணே: கோடை உழவுக்காரவுக சம்மதிக்கணும்ல. மடையில ஒரு கல்லை நட்டு, இதுக்குக் கீழ திறக்கறதில்லைன்னு கோடு போட்ருவோம். வாய்ப்பேச்சு நிக்காது.

8:29
டீச்சர் அத்தை: பிள்ளைகளுக்குப் பலகை எழுதுறேன். நத்தைக்குத்தி நாரைக்கு அலகு நடுவுல இடைவெளி இருக்கும், குஞ்சுக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும். அதையும் சேக்குறேன். குஞ்சைப் பார்த்துட்டு வேற பறவைங்குதுக.

8:34
நீர்ப்பாய்ச்சி மாமா: கலுங்கு மட்டம் பிடிக்க, தண்ணி ஊத்திப் பார்க்குற டியூப் யார் வீட்ல இருக்கு? 50 அடியாவது வேணும்.

8:36
பால்பண்ணை அண்ணே: கொத்தனார் விட்டுட்டுப் போனது கிடக்கு. உள்ள காத்துக் குமிழி நின்னா மட்டம் பொய் சொல்லும். தண்ணி ஊத்தி, தட்டி விட்டுட்டே எடுத்துட்டு வர்றேன். கலுங்குகிட்ட நில்லுங்க.