பதில்: குதிரைக்கு 'உடற்தகுதி' பொருந்துமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

"ஃபிட்னஸுக்கு உடற்தகுதி என்ற சொல் விளையாட்டுச் செய்திகளில் தினமும் வருகிறதே, குதிரைக்கு மட்டும் எதற்குத் தனிச்சொல்?" என்று நேற்றைய மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. குதிரைப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது நானும் முதலில் அதைத்தான் போட்டேன். மூன்றாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

தகுதி என்றால் இருக்கும், அல்லது இருக்காது. குதிரை விஷயம் அப்படி நடக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம், நடையும் கொஞ்சம் டிராட்டுமாக (நடைக்கு அடுத்த வேகம்) போய்வரும் குதிரை அந்த வேலைக்குச் சரியாக இருக்கிறது. அதையே திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டினால் திணறிப்போகும். குதிரை நேற்று இருந்த குதிரைதான், வேலைதான் மாறிவிட்டது. பந்தயக் குதிரைக்காவது கணக்குப் பார்க்க ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். பொழுதுபோக்குக்கு வளர்க்கும் குதிரை வாரமெல்லாம் லாயத்தில் நிற்கும். விடுமுறை வந்ததும் உரிமையாளருக்கு உற்சாகம் பிறக்கும்.

(இடையில் ஒன்று. தயவுசெய்து யாரும் 'ஓய்வுநேரக் குதிரை' என்று எழுத வேண்டாம். எழுதிக் காட்டிய இரண்டு பேருமே ஓய்வுபெற்ற குதிரை என்றுதான் புரிந்துகொண்டார்கள். 'உலாக் குதிரை' எனக்குப் பிடித்திருக்கிறது.)

என் பரிந்துரை: வேலைப்பதம்.

நிலத்தில் பதம் பார்க்கிறோம். உழவுக்கு ஒரு பதம், விதைப்புக்கு ஒரு பதம். நாள் கடந்தால் பதம் தப்பிவிடும். எதற்கு என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வரும், கொஞ்ச காலம் நிற்கும், கவனிக்காவிட்டால் போய்விடும் என்பதும் கூடவே வருகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரே உடம்பில் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பதத்துக்கு வருவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைக்குச் சில மாதம் வேண்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் எலும்பும் இன்னும் மெதுவாகத்தான் உறுதிப்படும், ஒரு வருடம்கூட ஆகலாம். "மூச்சு வாங்கவில்லை, குதிரை தயார்" என்று வேகத்தைக் கூட்டும்போதுதான் முன்காலில் நாண் வீங்கும். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குச் சொல்லும்படியான தசை கிடையாது; சுமையெல்லாம் நாணிலும் எலும்பிலும்தான் இறங்குகிறது. இதை "உடற்தகுதி முழுமை பெறவில்லை" என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? "மூச்சுக்குப் பதம் வந்துவிட்டது, நாணுக்கு இன்னும் வரவில்லை" என்றால் லாயத்தில் வேலை பார்ப்பவருக்கும் உடனே புரியும்.

நான் பார்த்துக்கொள்ளும் பெட்டைக் குதிரை ஒன்று காயத்தால் இரண்டு மாதம் சும்மா நின்றது. ஆறியதும் பழைய பாதையிலேயே கூட்டிப்போனேன், தப்பு என்னுடையதுதான். திரும்பி வந்து தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தேன். அங்கே ஒரு ரத்தக்குழாய் கயிறு மாதிரி உருளும்; அழுத்தினால் நழுவிவிடும், லேசாக வைத்தால் துடிப்பு தட்டும். 15 விநாடியில் 24. நிமிடத்துக்கு 96. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வேலை செய்தால் ஏறத்தான் செய்யும், எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதில்தான் பதம் தெரியும். பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்தியும் 80க்குக் கீழே வரவில்லை. காயத்துக்கு முன்னால் அதே பாதை முடிந்து அதே பத்து நிமிடத்தில் 60க்கு வந்துவிடும். நெடுந்தூரப் போட்டிகளில் மருத்துவச் சோதனையில் 64க்கு இறங்கினால்தான் மேலே போக விடுவார்கள். மறுநாளிலிருந்து மூன்று வாரம் வெறும் நடைதான்.

அப்புறம், கிளைச்சொற்கள். படிப்படியாக வேலையைக் கூட்டுவதற்குப் பதமேற்றல். நின்றுபோனதால் குறைவதற்குப் பதமிழப்பு. 'பதப்படுத்தல்' மட்டும் வேண்டாம். அது தோலுக்குச் செய்வது, குதிரை உயிரோடு இருக்கும்போது சரிவராது.

~

பதில்: பதில்: குதிரைக்கு 'உடற்தகுதி' பொருந்துமா?

வணக்கம் ஐயா. இரண்டு தயக்கம். பதம், பாதம் இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் பாதி வாசகர்கள் எழுத்துப்பிழை என்பார்கள். மேலும், "குதிரை நல்ல பதத்தில் இருக்கிறது" என்றால் கொழுகொழுவென்று மினுக்கும் குதிரையை நினைத்துக்கொள்ள மாட்டார்களா? "வேலைக்கு ஈடு கொடுக்கிறது" என்று இயல்பாகவே சொல்கிறோம். 'ஈடுதிறன்' என்று வைத்தால் என்ன?

~

பதில்: பதில்: பதில்: குதிரைக்கு 'உடற்தகுதி' பொருந்துமா?

நல்ல சொல்தான் அம்மா, இரவு முழுக்க அதைப் போட்டுப் பார்த்தேன். "நாணுக்கு இன்னும் ஈடுதிறன் வரவில்லை" என்று எழுதும்போது இழுக்கிறது. திறன் என்று முடிந்ததும் அது குதிரையின் சொத்தாகிவிடுகிறது, மறுபடி தகுதிக்கே போய்ச் சேர்கிறோம். பாதத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், கையேடு முழுக்கக் குளம்புதான்.

ஆனால் கொழுப்பு பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. விலா தெரியாத குதிரைக்குப் பதம் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். அதனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து 1 முதல் 9 வரை போடும் உடற்கட்டு மதிப்பெண்ணைத் தனிப்பதிவாக வைத்து, இங்கே ஒரு வரி எச்சரிக்கை சேர்க்கிறேன். உங்கள் 'ஈடு கொடு' என்ற வினைச்சொல்லையும் எடுத்துக்கொள்கிறேன்:

வேலைப்பதம் – குறிப்பிட்ட ஒரு வேலைக்குக் குதிரையின் உடல் தளராமலும் காயப்படாமலும் ஈடுகொடுக்கும் நிலை. உடல் பருமனைக் குறிக்காது.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிறன்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். டிராட், அதற்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டமான கேண்டர், இரண்டும் இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் அப்படியே நிற்கின்றன. நாலுகால் பாய்ச்சல் நம்மிடம் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் யாராவது புது இழை தொடங்குங்கள்.