மறு: இணையவழிப் பாடத்தின் முதல் காணொளிக்கு என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம். இணையவழிப் பாடத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று காட்டும் முதல் காணொளியை (orientation video) தமிழில் எப்படி அழைப்பது என்பதுதானே கேள்வி.

> ‘அறிமுகக் காணொளி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரிகிறதே.

புரிகிறது, சரி. ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்பிடெலில் பாடத்தின் முகப்பிலேயே ஓர் அறிமுகக் காணொளி இருக்கும். சேரலாமா என்று யோசிக்கிறவருக்கு, இதில் என்ன கற்கலாம் என்று சொல்வது அது. நாம் பேசுவது சேர்ந்துவிட்டவருக்கானது. ஆசிரியர் முகம் காட்டி நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரையைப் பகிர்கிறார். “இடப்பக்கம் ‘வாரம் 1’ஐச் சொடுக்குங்கள். பாடங்களுக்குக் கீழே ஒப்படைப்பு இருக்கிறது. 12 ஒப்படைப்புகளில் நன்றாகச் செய்த 8 மட்டும் கணக்கில் வரும். அதற்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும், மறந்துவிடாதீர்கள்.” கல்லூரியில் இதையெல்லாம் மூத்த மாணவர் யாராவது சொல்லிவிடுவார். வீட்டில் கைபேசியோடு தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யார் சொல்வது? பாடம் கடினம் என்று விலகுபவர் ஒரு பக்கம். எங்கே போய் எதைச் செய்வது என்று தெரியாமலே விலகுபவர் இன்னொரு பக்கம். அந்த இரண்டாமவருக்கான காணொளி தனிப்பெயருக்குத் தகுதியானது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் ‘திசைமுகப்படுத்தல்’ பொருளில் சரியானதுதான். ஆனால் ‘திசைமுகப்படுத்தற் காணொளி’ என்று ஒரு பொத்தானில் எழுத முடியாது.

‘ஆற்றுப்படுத்தல்’ எனக்கு மிகவும் பிடித்தது. பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழி சொல்வதுதான் ஆற்றுப்படை. அதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ஆனால் தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் இன்று ஆற்றுப்படுத்துநர் என்றால் உளவள ஆலோசகர். ‘ஆற்றுப்படுத்தும் காணொளியைப் பாருங்கள்’ என்று சொன்னால், தன் மனநிலையைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று மாணவர் நினைத்துக்கொள்வார். மனமில்லாமல்தான் அதை விடுகிறேன்.

என் முன்மொழிவு: புகுமுகக் காணொளி.

புகுதலும் முகமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. முகம் இங்கே வெறும் ஒட்டு இல்லை. 2014இல் ஆய்வாளர் பிலிப் குவோவும் குழுவினரும் எடெக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். ஸ்டுடியோவில் செலவு செய்து எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசியவை மாணவரை அதிகம் ஈர்த்தன. எவ்வளவு நீளமான காணொளியானாலும் பார்வை பெரும்பாலும் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அவை பாடக் காணொளிகள்தான். ஆனாலும் முதல் நாள் காணொளிக்கு இந்த இரண்டும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நம்புகிறேன்.

> புகுமுக வகுப்பு என்றால் பழைய பியூசி ஆயிற்றே?

ஆமாம், பட்டப்படிப்புக்கு முன் கல்லூரியில் ஓராண்டு படித்த வகுப்பு அது. ஆனால் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபின் தமிழ்நாட்டில் அந்த வழக்கு தேய்ந்துவிட்டது. நினைவிருப்பவர்களுக்கும் அது கல்லூரிக்குள் நுழையும் வாசல்தானே, பொருள் முரணவில்லை. அப்புறம், புகுமுக வாரம், புகுமுகக் கையேடு, புகுமுகப் பக்கம் என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. வினையாக்குவதில்தான் சிக்கல்: ‘புகுமுகப்படுத்து’ நாக்கில் நிற்கவில்லை. வினைக்கு ‘வழிப்படுத்து’ போதும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கம் கற்பிக்கும் நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: அங்கே ‘புகுமுகம்’ என்றதும் மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதிப் பரீட்சைதான் நினைவுக்கு வருமா? வருமென்றால் இதை விட்டுவிட்டு, ‘திசைமுகக் காணொளி’ என்று சுருக்கி எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமே.