பொதுச் சுகாதாரப் பள்ளியின் கருத்தரங்குகளுக்கு என்னைப் போன்ற வெளியாட்கள் போனால் ஏதாவது புரியுமா?

பொங்கோல்வாசி:
வணக்கம். நான் ஒரு மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். நடவடிக்கைகளை ஏற்பாடு செய்வதுதான் வேலை, மருத்துவப் படிப்பெல்லாம் கிடையாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற சாவ் சுவீ ஹாக் பொதுச் சுகாதாரப் பள்ளியின் கருத்தரங்கு அறிவிப்புகளை எங்கள் மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். தலைப்பைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பல நிகழ்ச்சிகள் வேலை நாளில், அதுவும் மத்தியான நேரத்தில். அரைநாள் விடுப்பு போட்டு, சிராங்கூனில் வட்டப் பாதை ரயிலுக்கு மாறி கெண்ட் ரிட்ஜ் வரை போய், பின்வரிசையில் கொட்டாவி விட்டுவிட்டு அவர்கள் தருகிற பெண்டோ (பெட்டிச் சாப்பாடு) சாப்பிட்டுத் திரும்புவதாக இருந்தால் வேண்டாம். எங்கள் நிலையத்தில் நம் ஆட்கள் நிறைய, அதில் நீரிழிவு இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். அவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது கிடைக்குமா?

ஆறாம்மாடி மாணவன்:
அண்ணா, அங்கே முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். எல்லா நிகழ்ச்சிக்கும் கருத்தரங்கு என்று பெயர் இருந்தாலும் எல்லாம் ஒன்றில்லை. பொதுமக்களுக்கென்று நடத்துவது வேறு, அதற்குத் தயங்காமல் போகலாம். ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஆய்வுக் கருத்தரங்குதான் கொஞ்சம் கஷ்டம். தலைப்பிலேயே 'காரணத்துவ அனுமானம்', 'மாதிரியாக்கம்' என்று வந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள், எங்களுக்கே தலை சுற்றும்.

மற்றவற்றில் ஒரு படத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி புரிந்துவிடும். திரையில் நடுவே செங்குத்தாக ஒரு கோடு இருக்கும், பக்கத்தில் 1 என்று எழுதியிருக்கும். அதைச் சுற்றி வரிசையாகப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் மீசை மாதிரி ஒரு சின்னக் கோடு. அபாயத்தைப் பற்றிய படம் என்றால், புள்ளி கோட்டுக்கு வலப்பக்கம் இருந்தால் அபாயம் கூடுகிறது, இடப்பக்கம் என்றால் குறைகிறது. மீசை கோட்டை வெட்டிக்கொண்டு போனால் 'உறுதியாகச் சொல்வதற்கில்லை' என்று அர்த்தம். பேசுகிறவர் எவ்வளவு உற்சாகமாகப் பேசினாலும் நீங்கள் மீசையைப் பாருங்கள். நேரில் வருவதானால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வளாகப் பேருந்து இருக்கிறது, நடந்தும் வரலாம். கட்டடம் சயன்ஸ் டிரைவ் 2இல், தாஹிர் அறநிறுவனக் கட்டடம் என்று கேளுங்கள். இணையத்திலும் காட்டுகிறார்களா என்று பதிவுப் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், விடுப்பு மிச்சம்.

கோப்பிக்கடை நியாயவாதி:
எல்லாம் சரி தம்பி, இவ்வளவு கருத்தரங்கு நடத்தி என்ன கண்டோம்? 2016இல் நீரிழிவு மீது போர் என்று அறிவித்தார்கள், இன்றைக்கும் என் வீட்டில் மூன்று பேருக்கு மாத்திரை. அரைநாள் விடுப்பை வைத்துக்கொண்டு அந்தப் பெரியவர்களை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நடக்கக் கூட்டிப்போனால் அதைவிடப் புண்ணியம்.

ஓய்வுபெற்ற தாதி:
நடக்கக் கூட்டிப்போவதும் நல்லதுதான், ஆனால் இந்த மாதிரிப் பேச்சிலிருந்து ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள். இப்போது பானங்களில் சர்க்கரை, கொழுப்பு அளவை வைத்து ஏ முதல் டி வரை தரம் போடுகிற நியூட்ரி-கிரேட் முத்திரை பார்க்கிறீர்களே, 2022 டிசம்பர் கடைசியில் வந்தது, அதற்கு முன்னால் ஆய்வும் விவாதமும் எத்தனை வருடம் ஓடியது தெரியுமா. பொட்டலத்தில் விற்கிற பானங்களின் இடைநிலைச் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) சர்க்கரை அளவு 2017இல் 7.1 விழுக்காடு, 2023இல் 4.6. நீங்கள் கொசொங் (சர்க்கரை போடாதது) கேட்காமலேயே குறைந்தது அது.

பொங்கோல் தம்பிக்கு: போங்கள். ஆனால் கேட்க ஒரு கேள்வியோடு போங்கள். என்ன ஆய்வானாலும், "இதில் இந்தியர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். சும்மா சொல்லவில்லை. இங்கே பேர்பெற்ற ஒரு நீண்டகால ஆய்வு 1993இல் தொடங்கியது, 63,000க்கும் மேற்பட்டவர்கள், அத்தனை பேரும் ஹொக்கியன், கேண்டனீஸ் பேசும் சீனர்கள். அருமையான ஆய்வு, உலகமே மேற்கோள் காட்டுகிறது, ஆனால் நம் வீட்டுச் சாப்பாடு அதில் இல்லை. இன்னொரு பக்கம், 2010 தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு சீனர்களில் 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, இந்தியர்களில் 17.2. அதிகமாக நோய் வருகிறவர்கள் நாம், கணக்கில் குறைவாக இருப்பவர்களும் நாம்தான் என்றால் கேட்க வேண்டாமா? மூன்று இனத்தவரையும் சேர்த்துத் தொடர்கிற ஆய்வுகளும் அதே பள்ளியில் நடக்கின்றன, அவற்றைப் பற்றிய பேச்சு என்றால் விடாதீர்கள்.

கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் பார்த்தவரையில் பேராசிரியர்களுக்கு வெளியாட்களின் கேள்வி பிடிக்கும், மாணவர்கள்தான் புள்ளியியலையே சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

ஆறாம்மாடி மாணவன்:
அக்கா, அது எங்களைத்தானே 😅 உண்மைதான். அண்ணா, இன்னொன்று. உங்களைப் போல நிலையத்தில் வேலை செய்கிறவர்களை ஆய்வாளர்களே தேடிக்கொண்டிருப்பார்கள். பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். நம் பெரியவர்கள் ஏன் உடற்பயிற்சி வகுப்புக்கு வருவதில்லை, தைப்பூச விரதத்தில் மாத்திரையை என்ன செய்கிறார்கள், இதெல்லாம் எந்தக் கேள்வித்தாளிலும் பெட்டியில் டிக் போட வராத விஷயம்.

பொங்கோல்வாசி:
ரொம்ப நன்றி. விரதத்தில் மாத்திரையை நிறுத்துகிற ஆட்கள் எங்களிடம் நிறைய, தாதி சொன்னாலும் கேட்பதில்லை. சரி, மூப்படைதல் பற்றி அடுத்த மாதம் ஒன்று இருக்கிறது, பதிந்துவிட்டேன். மேலாளரிடம் பயிற்சி நேரமாகக் கணக்கு வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன், விடுப்பு போகாவிட்டால் இன்னும் நல்லது.

கோப்பிக்கடை நியாயவாதி:
போய்விட்டு என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். பெண்டோவில் என்ன இருந்தது என்பதையும்.