மறு: நெட் பிரைஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிகள் சொல்லும் நெட் பிரைஸ், அதாவது ஓராண்டுச் செலவில் திருப்பித் தர வேண்டாத உதவியைக் கழித்தபின் குடும்பத்துக்கு மிஞ்சும் தொகை, அதற்குத் தமிழில் 'நிகர விலை' என்று இந்த இழையில் ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நிகர லாபம், நிகர வருமானம் என்று நன்றாகப் புழங்கிய சொல்தான். ஆனால் எதைக் கழித்தபின் நிகரம் என்று அது சொல்வதில்லை, அமெரிக்கக் கல்லூரிக் கணக்கில் தகராறே அங்கேதான் இருக்கிறது.

உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு, செலவு எவ்வளவு, உதவி எவ்வளவு என்று சொல்லிக் கல்லூரியிலிருந்து வந்த உதவிக் கடிதத்தைப் படிக்க உட்கார்ந்தேன். எண்களைக் கொஞ்சம் முழுதாக்கிச் சொல்கிறேன்: ஆண்டுச் செலவு 60,000 டாலர், திருப்பித் தர வேண்டாத தொகை 25,000, மத்திய அரசுக் கடன் 5,500, வளாகத்தில் வேலை பார்த்தால் கிடைக்கக்கூடியது 2,500. எல்லாவற்றையும் கழித்து 27,000 என்று அடியில் போட்டிருந்தார்கள், அவள் அப்பாவும் அதையே நம்பிக்கொண்டிருந்தார். நெட் பிரைஸ் என்பதன் சரியான பொருளில் அது 35,000. கடனை வட்டியோடு கட்ட வேண்டும், சம்பளமோ அவள் இனிமேல் உழைத்துப் பெற வேண்டியது, இரண்டையும் கழித்தது எந்த ஊர் நியாயம்? இது ஒரு கல்லூரியின் கதையும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜி.ஏ.ஓ. 2022-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சுமார் 91 விழுக்காடு கல்லூரிகள் நெட் பிரைஸை உதவிக் கடிதத்தில் போடுவதே இல்லை, அல்லது குறைத்துக் காட்டுகின்றன.

அதனால்தான் 'நிதியுதவி போக' என்ற மற்றொரு யோசனையும் எனக்குச் சரிப்படவில்லை. நிதியுதவி என்று சொல்லிவிட்டால் கடனும் அதில் சேர்ந்துவிடுகிறது. 'கொடை' என்றால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். மானியம் என்றால் அரசாங்கம்தான் நினைவுக்கு வருகிறது, கல்லூரி தன் கையிலிருந்து தருவதற்கு ஒட்டவில்லை.

விலையா செலவா என்பதில் நான் செலவு பக்கம். இந்தக் கணக்கில் படிப்புக் கட்டணம் மட்டுமா இருக்கிறது, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

முதலில் 'கொடை போகச் செலவு' என்று எழுதி வைத்திருந்தேன். வாய்விட்டுப் படித்தால் எங்கேயோ போக ஆகும் செலவு போலக் கேட்கிறது, விட்டுவிட்டேன். இப்போது என் பரிந்துரை 'கொடை கழித்த செலவு'. கூட்டல் கழித்தல் தெரிந்த யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

அப்புறம் நெட் பிரைஸ் கால்குலேட்டர், அதாவது தங்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு வரும் என்று குடும்பங்கள் கல்லூரியின் இணையதளத்தில் பார்க்கும் கருவி. 2008-இல் வந்த சட்டப்படி, 2011 அக்டோபர் முதல், மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் சேர்ந்த, முதல்முறை முழுநேர இளநிலை மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் எல்லாம் இதைத் தங்கள் தளத்தில் வைத்தாக வேண்டும். 'கணக்கிடும் கருவி' என்றால் வரும் எண் உறுதியானது என்று பெற்றோர் எடுத்துக்கொள்வார்கள். எளிய கருவிகள் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு, முந்தைய ஆண்டுகளில் அதே மாதிரி நிலைமையில் இருந்த மாணவர்களின் சராசரியைத்தான் காட்டுகின்றன. 'கணிப்பான்' என்பதில் கணக்கும் இருக்கிறது, கணிப்பும் இருக்கிறது, அதையே வைக்கலாம்.

'கொடை கழித்த செலவுக் கணிப்பான்' நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு அப்புறம் செலவுக் கணிப்பான் என்று சுருக்கிக்கொள்ளலாம். இதைவிடச் சின்னதாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், கடன் மட்டும் அதற்குள் நுழையாமல் இருந்தால் போதும்.