மின்விசிறி ரெகுலேட்டர்: ‘சீராக்கி’ பொருந்துமா?

வணக்கம்.

மின்விசிறி ரெகுலேட்டருக்குத் தமிழில் ‘சீராக்கி’ என்று பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பெயர் மின்னழுத்தச் சீராக்கிக்குச் (ஸ்டெபிலைசர்) சரி. அது, வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவைத் தரும். விசிறியின் ரெகுலேட்டர் குமிழ் அப்படியில்லை. மின்னழுத்தம் தாழ்ந்தால் விசிறியும் மெதுவாகிறது. முழு வேகத்துக்கு மேல் கூட்டவும் அதனால் முடியாது. குறைப்பது மட்டுமே அதன் வேலை என்பதால் ‘வேகக்குறைப்பி’ என்கிறேன்.

எதைக்கொண்டு குறைக்கிறது என்பதும் பெயரில் வரட்டும். மின்செலவு அதைப் பொறுத்தது. ‘மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) வேகக்குறைப்பி’யில் கம்பிச்சுருள் மோட்டாரோடு தொடராக, அதே மின்பாதையில், நிற்கும். மோட்டாருக்குப் போகாமல் குறைக்கப்பட்ட திறனில் பெரும்பகுதி சுருளில் வெப்பமாகிவிடும், மிச்சம் சொற்பம். ‘குறைத்து வைத்தாலும் கரண்டு அதேதான்’ என்ற பேச்சு இதிலிருந்து வந்தது. ‘மின்தேக்கி (கெப்பாசிட்டர்) வேகக்குறைப்பி’யில் 2.2, 3.3 மைக்ரோஃபாரட் போன்ற மின்தேக்கிகள் மின்னழுத்தத்தில் ஒரு பங்கை ஏற்கின்றன. அவற்றில் வீணாவது மிகக் குறைவு. பழுதைக் கண்டுபிடிக்கவும் இப்பெயர் உதவும்: குறைந்த நிலைகளில் மட்டும் விசிறி தளர்ந்தால் குறைப்பியிலுள்ள மின்தேக்கியைப் பாருங்கள், முழு வேகத்திலும் தளர்ந்தால் முதலில் விசிறிக்குள் இருக்கும் மின்தேக்கியைச் சந்தேகியுங்கள்.

மறுமொழி:

‘வேகக்குறைப்பி’ எனக்கும் உடன்பாடு. ஆனால் விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வேகம் பாதியானால் காற்றும் பாதி. அதைத் தள்ளத் தேவையான திறனோ எட்டில் ஒரு பங்கு. தோலிலிருந்து காற்று வெப்பத்தை எடுக்கும் வீதம் ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், குளிர்ச்சி பத்தில் ஏழு பங்கு அளவுக்கு நிற்கும். நல்ல பேரம்தான். எனினும் சாதாரண விசிறியில் உள்ள தூண்டல் மோட்டாரில் மின்செலவு அந்த எட்டில் ஒரு பங்காக அப்படியே இறங்கிவிடாது: மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாதி வேகத்தில் ஓட்டும்போது, காற்றுக்குப் போகும் அளவுக்குக் குறையாமல் சுழலியிலும் (மோட்டாரின் சுழலும் பாகம்) வெப்பமாகிறது. மின்தேக்கி வைத்தாலும் இந்த இழப்பு போகாது.

‘சீராக்கி’யைத் தூக்கி எறிய வேண்டாம். பிஎல்டிசி (தூரிகையில்லா நேர்மின் மோட்டார் கொண்ட) விசிறிக்குள் இருக்கும் மின்னணுச் சுற்று, மின்னழுத்தம் ஓரளவு ஏறி இறங்கினாலும் வேகத்தை நிலையாக வைக்கிறது. ‘வேகச்சீராக்கி’ என்ற பெயர் அதற்கே உரியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பிஎல்டிசி விசிறியைப் பழைய குமிழோடு இணைத்து ஓட்டுவார்கள். குறைத்து வைத்தால் அந்தச் சுற்று தடுமாறும், பழுதாகவும் கூடும். அங்கே குமிழைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுப்பதே சரி.