1998 உலக ராலி பட்டம்: கார்லோஸ் சைன்ஸ் அதை எங்கே விட்டார்?

கேள்வி: வேகத்தடை

வணக்கம் நண்பர்களே. நான் ஃபார்முலா ஒன் மட்டும் பார்க்கிற ஆள். அதிலும் சைன்ஸ் ரசிகன், அதாவது மகன் சைன்ஸ். அப்பா ராலியில் 1990, 1992 என்று இரண்டு முறை உலக சாம்பியன், அப்புறம் டக்கார் நான்கு முறை ஜெயித்தவர். என் ராலி ஞானம் அதோடு சரி.

நேற்று ஒரு பழைய காணொளி கண்ணில் பட்டது. 1998 பிரிட்டன் ராலி. வருடத்தின் கடைசிப் போட்டி, அதிலும் கடைசி ஸ்டேஜ், அதாவது நேரம் கணக்கிடுகிற கடைசிப் பாதைத் துண்டு. டொயோட்டா கொரோலா புகை கக்கிக்கொண்டு நின்றுவிடுகிறது. கோ-டிரைவர் லூயிஸ் மோயா ஹெல்மெட்டைத் தூக்கிப் பின் கண்ணாடியில் அடித்து உடைக்கிறார். முடிவுக் கோட்டுக்கு இன்னும் சுமார் 300 மீட்டர்தானாம். நான்காவதாக வந்திருந்தாலே சைன்ஸ் சாம்பியனாம்.

பட்டம் டோமி மாக்கினனுக்குப் போயிருக்கிறது. ஆனால் அவர் அந்த ராலியில் முதல் நாளே வெளியேறிவிட்டார் என்று போட்டிருக்கிறது. வெளியேறினவர் எப்படி சாம்பியன்? 300 மீட்டர்தானே, இரண்டு பேரும் இறங்கி காரைத் தள்ளியிருக்கக் கூடாதா? என் நண்பன், அந்த வருடம் சைன்ஸ்தான் சிறந்த ஓட்டுநர், அதிர்ஷ்டம்தான் கெடுத்தது என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: சேறும்சகதியும்

மாக்கினன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் அந்த ராலிக்கு 58 புள்ளியோடு வந்தார், சைன்ஸ் 56. முதல் நாள் மில்புரூக் என்ற இடத்தில் ஸ்டேஜ். கார் கம்பெனிகள் வண்டிகளைச் சோதிக்கிற தார் பாதை அது. அதே பாதையில் முன்னால் பழங்கால கார்களின் ராலி ஒன்றும் நடந்தது. அதில் போன ஹில்மன் இம்ப் ஒன்று தரையில் எண்ணெயைக் கொட்டிவிட்டது. மாக்கினனின் மிட்சுபிஷி லான்சர் அதில் வழுக்கி கான்கிரீட் கட்டையில் மோதி, பின் சக்கரம் ஒன்று பிய்ந்துவிட்டது. மனுஷன் விடாமல் மூன்று சக்கரத்தில் ஓட்டிக்கொண்டு போனார். பொதுச் சாலையில் போலீஸ் மறித்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது.

சைன்ஸுக்கு வேண்டியது 3 புள்ளி, அதாவது நான்காம் இடம். 59-58 என்று ஜெயித்திருப்பார். கடைசி ஸ்டேஜில் நான்காவதாகத்தான் வந்துகொண்டிருந்தார். உங்கள் நண்பர் சொல்வது சரி. சுத்தமான துரதிர்ஷ்டம்.

பதில்: போரிங்பட்டறை

எஞ்சின் போரிங் பட்டறை வைத்திருக்கிறவன் நான், அதனால் எஞ்சினிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராலி மேல் பைத்தியம் உண்டு. வேலையில்லாத நேரத்தில் பழைய வருட முடிவுகளை நோட்டில் எழுதிக் கூட்டிக் கழிப்பது வழக்கம். வீட்டில் திட்டு விழும், அது வேறு கதை.

அந்த கொரோலாவில் உடைந்தது கனெக்டிங் ராட். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு. அது போய்விட்டால் சாவியைத் திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை. உடைந்த துண்டு கிராங்கோடு சேர்ந்து உள்ளே சுழன்று பிளாக்கின் பக்கச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். சமீபத்தில் எங்களிடம் ஒரு டீசல் பிளாக் அப்படி வந்தது. பக்கவாட்டில் நான்கு விரல் நுழைகிற ஓட்டை, ஓரமெல்லாம் பிஸ்கட் உடைந்த மாதிரி சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. சம்ப்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினால் அடியில் ராட் போல்ட் பாதி மட்டும் கிடக்கிறது. அறுந்த இடத்துக்குப் பக்கத்தில் கழுத்து மெலிந்து இழுபட்டிருந்தது. ஓட்டுநரைக் கேட்டால், ஒரு சத்தமும் இல்லை, நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது என்கிறார். சில நேரம் தட்டுகிற சத்தம் முன்கூட்டியே கேட்கும், சில நேரம் ஒன்றுமே கேட்காது. ஓட்டை வழியாகக் கொட்டுகிற எண்ணெய், பழுக்கக் காய்ந்த டர்போ மேல் விழுந்தால் புகையும் நெருப்பும் வரத்தான் செய்யும். அந்தக் காலத்தில் ராலிக்கு டர்போவில் 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர், அதாவது காற்று போகிற வழியைக் குறுக்குகிற வளையம், கட்டாயம் என்பதால் காற்று அளவாகத்தான் போகும். ஆனாலும் இரண்டு லிட்டர் எஞ்சினில் சுமார் 300 குதிரைத்திறன். மூன்று நாள் அப்படி அடித்து ஓட்டினால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு போல்ட்டும் பரீட்சை எழுதுகிறது.

தள்ளுவது பற்றி. அந்தக் காலத்து உலக ராலி காரின் குறைந்தபட்ச எடையே 1230 கிலோ. நெருப்பு பிடித்த வண்டியை இரண்டு பேர் 300 மீட்டர் தள்ளிக் கோட்டைத் தாண்டினார்கள் என்றே வையுங்கள். ராலி அங்கே முடிவதில்லையே. ஸ்டேஜ் முடிந்ததும் சாதாரண சாலையில் ஓட்டிக்கொண்டு அடுத்த நேரக் கட்டுப்பாட்டு மேஜைக்குக் குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எஞ்சின் இல்லாமல் அது ஆகாது. மோயா கண்ணாடியை உடைத்ததற்குக் காரணம் அதுதான். அந்த நொடியிலேயே அவருக்குத் தெரியும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சேறும்சகதியும் அண்ணன் சொன்ன துரதிர்ஷ்டக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. பட்டம் போனது மார்ச் மாதம், போர்ச்சுகலில்.

அங்கே கோலின் மக்ரே சுபாருவில் முதலிடம், சைன்ஸ் இரண்டாம் இடம். வித்தியாசம் 2.1 நொடி. முதலிடத்துக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 6. அந்த 2.1 நொடியை எங்காவது ஒரு வளைவில் எடுத்திருந்தால் சைன்ஸ் 60 புள்ளியோடு பிரிட்டனுக்கு வந்திருப்பார். மாக்கினன் 58-இல் எண்ணெயில் வழுக்கி வெளியேறிய அந்த முதல் நாளே சைன்ஸ் சாம்பியன். அந்தக் கடைசி ஸ்டேஜ் நடந்த மார்கமில் எஞ்சின் வெடித்தாலும் சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கலாம்.

வருடம் முழுவதையும் பாருங்கள். மாக்கினன் 13 ராலியில் 7-இல்தான் புள்ளி எடுத்தார். சுவீடன், அர்ஜென்டினா, பின்லாந்து, சான்ரெமோ, ஆஸ்திரேலியா என ஐந்து வெற்றி. கட்டலோனியா, நியூசிலாந்து இரண்டிலும் மூன்றாம் இடம். மான்டி கார்லோ, சஃபாரி, போர்ச்சுகல், கோர்சிகா, கிரீஸ், கடைசியில் பிரிட்டன், ஆறிலும் வண்டி ஊர் வந்து சேரவில்லை. சைன்ஸோ மான்டி கார்லோ, நியூசிலாந்து என இரண்டு வெற்றி, ஐந்து முறை இரண்டாம் இடம், இரண்டு முறை நான்காம் இடம்.

இங்கேதான் என் நோட்டு. 1996 வரை உலக ராலியில் 20-15-12-10 என்று புள்ளி கொடுத்தார்கள். அதில் போட்டால் சைன்ஸுக்கு இந்த ஒன்பது ராலியில் மட்டும் 135, மாக்கினனுக்கு 124. 2003-இல் வந்த 10-8-6-5 முறையில் 70-க்கு 62. 2010-க்குப் பிறகு பல வருடம் இருந்த 25-18-15-12 முறையில் 164-க்கு 155. எதில் போட்டாலும் சைன்ஸ்தான். 1997 முதல் 2002 வரை இருந்த 10-6-4-3-2-1 முறையில் மட்டும் மாக்கினன். இரண்டாம் இடத்தை அவ்வளவு மலிவாக மதித்த காலம் அது. அந்தக் காலத்தில் போய் ஐந்து முறை இரண்டாவதாக வந்தார் மனுஷன்.

அதனால் உங்கள் நண்பருக்கு என் பதில்: எல்லா இடத்திலும் நன்றாக ஓட்டியவர் சைன்ஸ். அந்த வருட விதி கேட்டதைக் கொடுத்தவர் மாக்கினன். நியூசிலாந்து முடிந்தபோது சைன்ஸ் 41, மக்ரே 38, மாக்கினன் வெறும் 28. மீதி நான்கு ராலிதான். 13 புள்ளி பின்னால் இருந்தவர் பின்லாந்து, சான்ரெமோ, ஆஸ்திரேலியா மூன்றையும் வரிசையாக ஜெயித்தார். எண்ணெயும் ராட்டும் இல்லாவிட்டாலும் அதை யாரும் மறுக்க முடியாது.

மக்ரே பற்றி ஒன்று சொல்லாமல் விட மனசு வரவில்லை. அர்ஜென்டினாவில் பாறையில் இடித்துப் பின் சஸ்பென்ஷன் வளைந்துவிட்டது. அவரும் கோ-டிரைவர் நிக்கி கிரிஸ்டும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, கிடந்த கல்லை எடுத்து அடித்து நிமிர்த்தினார்கள். அடுத்த ஸ்டேஜில் அவர்தான் எல்லோரையும் விட வேகம். எங்கள் பட்டறைப் பையன்களுக்கு இந்தக் கதையை மட்டும் சொல்லக் கூடாது, சுத்தியலைத் தூக்கிவிடுவார்கள்.

பதில்: வேல்ஸ்வாசி

நான் இருக்கிறது கார்டிஃப். மார்கம் இங்கேயிருந்து மேற்கே, நெடுஞ்சாலையில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். பழைய மாளிகை, மான் கூட்டம் எல்லாம் உள்ள பெரிய பூங்கா, சுற்றிவரக் காடு. மாக்கினன் வழுக்கின மில்புரூக் இங்கிலாந்தின் அந்தப் பக்கம், பெட்ஃபர்ட்ஷயரில். இரண்டுக்கும் இடையில் நூற்றைம்பது மைலுக்கு மேல். காணொளி பார்க்கிற ஆட்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தது என்று நினைக்கினம்.

போரிங்பட்டறை அண்ணை, உங்கள் கணக்கு நல்ல கணக்கு, ஆனால் ஒரு பக்கம்தான் கூட்டியிருக்கிறீர்கள். போர்ச்சுகலில் சில நொடியில் போனது உண்மை. அதே வருடம் நியூசிலாந்தில் சைன்ஸ் தன்னுடைய சக டொயோட்டாக்காரர் டிடியே ஓரியோலைச் சில நொடியில்தானே வென்றார்? அங்கே மாறியிருந்தால் அவருக்கு 4 புள்ளி குறைந்திருக்கும். பிறகு மார்கமில் எஞ்சின் தாங்கினாலும் பட்டம் இல்லை.

இன்னொன்று. பழைய புள்ளி முறையில் மாக்கினன் அப்படி ஓட்டியிருப்பாரா? முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தபடியால்தான் அவர் எல்லாவற்றையும் பணயம் வைத்தார். வேறு விதி என்றால் அவரும் வேறு மாதிரி ஓட்டியிருப்பார். 1996 முதல் 1999 வரை நான்கு வருடம் தொடர்ந்து சாம்பியன். அதில் 1996-இல் இருந்தது உங்கள் 20-15 முறைதான்.

எனக்கு மனதில் நிற்கிறது வேறு. சைன்ஸ் 1991, 1994, 1995, 1998 என்று நான்கு முறை இரண்டாம் இடத்தில் முடித்தார். நான்கிலும் கடைசி ராலி பிரிட்டன், நான்கிலும் பட்டம் கைவிட்டுப் போனது இந்தக் காடுகளில். 1991-இல் ஒரு புள்ளி முன்னிலையோடு வந்து பின்லாந்து ஓட்டுநர் யூஹா கன்குனனிடம் விட்டார். 1995-இல் மக்ரேயும் அவரும் ஒரே சுபாரு அணி, ஆளுக்கு 70 புள்ளியோடு வந்தார்கள், மக்ரே வென்றார். இவ்வளவுக்கும் 1990, 1992 இரண்டு வருடமும் இதே ராலியை ஜெயித்தவர் சைன்ஸ். இங்கே ஓட்டத் தெரியாதவர் என்று ஒருவரும் சொல்லேலாது.

கேள்வி கேட்டவர்: வேகத்தடை

அடேங்கப்பா. ஒரு காணொளிக்கு இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. நண்பனுக்கு இந்தத் திரியை அனுப்பிவிட்டேன், 135-124 கணக்கைப் பிடித்துக்கொண்டு இப்போது ஆடுகிறான்.

கடைசியாக ஒன்று. சைன்ஸும் போனார், மாக்கினனும் போனார் என்றால் அந்த ராலியை ஜெயித்தது யார்?

பதில்: போரிங்பட்டறை

ரிச்சர்ட் பர்ன்ஸ். மாக்கினனின் மிட்சுபிஷி அணிக்காரரேதான், ஆனால் லான்சர் இல்லை, கரிஸ்மா. அந்த வருடம் சஃபாரியையும் அவர்தான் ஜெயித்தார், அங்கே மாக்கினனும் சைன்ஸும் இரண்டு பேருமே பாதியில் நின்றுவிட்டார்கள். பர்ன்ஸின் வெற்றியோடு தயாரிப்பாளர் பட்டமும் மிட்சுபிஷிக்கு. அவர்களுக்குக் கிடைத்த ஒரே தயாரிப்பாளர் பட்டம் அதுதான். அதற்கு மூன்று வருடம் கழித்து 2001-இல் பர்ன்ஸே உலக சாம்பியன் ஆனார், அப்போது சுபாருவில். அந்த வருடம் நான்கு பேர் சண்டை. மாக்கினன், மக்ரே, சைன்ஸ், பர்ன்ஸ். கடைசி ராலி அதுவும் பிரிட்டன். அதைப் பேச ஆரம்பித்தால் இன்று பட்டறை திறக்க மாட்டேன்.

வேல்ஸ்வாசி, நியூசிலாந்து கணக்கை ஒத்துக்கொள்கிறேன், அது நியாயம். ஆனால் ஒரே அணிக்காரரிடம் சில நொடி தப்பிப்பதும், மக்ரேயிடம் 2.1 நொடி தோற்பதும் ஒன்றில்லை. மக்ரேயும் அந்த வருடம் பட்டத்துக்கு ஓடினவர். போர்ச்சுகல், கோர்சிகா, கிரீஸ் என மூன்று வெற்றி, சைன்ஸை விட ஒன்று கூடுதல்.

பதில்: வேல்ஸ்வாசி

மூன்று வெற்றி இருந்தும் முடித்தது 45 புள்ளியோடு, மூன்றாம் இடம். அதையும் உங்கள் நோட்டில் 20-15 முறையில் போட்டுப் பாருங்கோ அண்ணை.